ஈரலில் சிக்கும் எண்டோதீலின்: மருத்துவப் பக்கத்துக்கு ஒரு திருத்தம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் மருத்துவப் பக்கத்தில் கல்லீரலைப் பற்றி வந்த கட்டுரையில் இரண்டு வாக்கியங்களைத் திருத்த வேண்டியிருக்கிறது. "கல்லீரல் ரத்தத்தைச் சல்லடைபோல வடிகட்டுகிறது" என்பது ஒன்று. "ரத்தத்தில் எண்டோதீலின் கூடினால், குழாய்கள் அதை அதிகமாகச் சுரக்கின்றன என்று பொருள்" என்பது மற்றொன்று. இரண்டும் ஒரே தவறின் இரு முகங்கள். ஈரல் நோயாளிகள் வீட்டுக்கு வீடு படிக்கும் பக்கம் அது என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறோம்.

எண்டோதீலின் என்பது 21 அமினோ அமிலங்கள் கோத்த சிறு பெப்டைடு, அதாவது குட்டிப் புரதம். பாம்பன் சாலைப் பாலம் திறக்கப்பட்ட அதே 1988-இல், ஜப்பானின் சுகுபா பல்கலைக்கழகத்தில் மசாஷி யனகிசாவாவும் தொமோ மசாகியும் அவர்கள் குழுவினரும் பன்றி மகாதமனியின் உட்சுவர் செல்களை வளர்த்த திரவத்திலிருந்து இதைப் பிரித்தார்கள். ரத்தக் குழாயைச் சுருக்குவதில் இதற்கு ஈடான பொருள் உடலில் அரிது. முதலில் நீண்ட புரதமாக உருவாகி, 38 அமினோ அமிலங்கள் கொண்ட 'பெரிய எண்டோதீலின்' ஆகி, அதை ஒரு நொதி 21-க்கும் 22-க்கும் நடுவில் வெட்டும்போதுதான் வீரியம் வருகிறது. சுரக்கும் செல்கள் இதன் பெரும்பகுதியை ரத்தத்துக்குள் விடுவதில்லை. குழாயின் வெளிப்புறத்தில் இருக்கும் தசையை நோக்கியே விடுகின்றன. ரத்தத்தில் நாம் அளப்பது சிந்திய மிச்சம்தான்.

அந்த மிச்சம் ரத்தத்தில் சில நிமிடங்கள்கூட நிலைப்பதில்லை. ஆனால் தசையில் ஒட்டிய எண்டோதீலினின் இறுக்கம் ஒரு மணி நேரத்துக்கும் மேல் நீடிக்கும். செல்லின் மேல் நின்று அதைப் பிடிக்கும் புரதமான ஏற்பியில் ஒட்டினால் அது லேசில் விடாது என்பதே காரணம். ரத்தத்தில் மிதப்பதைச் சட்டென்று அகற்றும் ஏற்பாடு இல்லாவிட்டால், ஓரிடத்தில் சுரந்தது உடல் முழுவதும் பரவிக் கண்ட கண்ட குழாயையெல்லாம் இறுக்கிவிடும்.

அகற்றுவது யார்? நுரையீரல், சிறுநீரகம், கல்லீரல் மூன்றும். எப்படி என்பதில்தான் சல்லடை உவமை தவறுகிறது.

ஈரலின் நுண்குழாய்களுக்கு சைனுசாய்டு என்று பெயர். அவற்றின் உட்சுவரில் 100 முதல் 150 நானோமீட்டர் வரை அகலமுள்ள ஓட்டைகள் உண்டு. மற்ற குழாய்களில் இருப்பதுபோல அடியில் ஒரு அடித்தளச் சவ்வும் கிடையாது. இதைப் பார்த்துத்தான் சல்லடை என்று சொல்லத் தோன்றுகிறது. ஆனால் அல்புமின் என்ற ரத்தப் புரதத்தின் எடை ஏறக்குறைய 66,000 டால்டன் (மூலக்கூறு எடையின் அலகு). எண்டோதீலினுடையது 2,500-க்குச் சற்றே குறைவு. சல்லடையாக இருந்தால் பெரியது நிற்க வேண்டும், சிறியது போக வேண்டும். ஈரலில் இரண்டுமே அந்த ஓட்டைகளில் தாராளமாகப் புகுந்து வருகின்றன. பெரிய அல்புமின் திரும்ப ரத்தத்துக்கு வந்துவிடுகிறது, சின்ன எண்டோதீலின் சிக்கிக்கொள்கிறது.

நம் கடற்கரையில் இதற்குச் சரியான உவமை செவுள்வலை. மீன் தானே தலையை நுழைத்து, கண்ணி செவுளில் மாட்டி நிற்கிறது. அந்தக் கண்ணிக்குப் பொருந்தாத மீன் பெரிதோ சிறிதோ, மாட்டாது. ஈரல் செல்களின் மேல் நிற்கும் ஏற்பிகளே இங்கே கண்ணிகள். 1990-இல் இரண்டு வகை ஏற்பிகள் அடையாளம் காணப்பட்டன: ஏ வகை, பி வகை. குழாய்த் தசையைச் சுருக்குவதில் ஏ வகைக்கே முதலிடம். உட்சுவர் செல்களில் இருக்கும் பி வகை இரண்டு வேலை பார்க்கிறது. நைட்ரிக் ஆக்சைடைச் சுரக்கவைத்துக் குழாயைத் தளர்த்துகிறது. ஒட்டிய எண்டோதீலினைத் தன்னோடு செல்லுக்குள் இழுத்துப்போகிறது. உள்ளே போன பிறகும் இரண்டுக்கும் வழி வேறு. ஏ வகை ஏற்பி பெரும்பாலும் மேற்பரப்புக்கே திரும்பி வருகிறது. பி வகை, சுமையோடு சேர்ந்து லைசோசோம் என்ற செரிமானப் பைக்குப் போய்ச் சேர்கிறது. பிடித்ததைச் செரித்து முடிப்பது அங்கேதான்.

ஈரலில் இந்த ஏற்பிகள் ஒரே செல்லில் இல்லை. உட்சுவர் செல்களில் உண்டு, ரத்தத்தில் வரும் கிருமியையும் கழிவையும் விழுங்கும் குஃப்பர் செல்களில் உண்டு, ஈரலின் முக்கிய வேலைக்காரரான ஹெப்பட்டோசைட்டுகளிலும் உண்டு. எல்லாவற்றையும்விட நெருக்கமாக இருப்பது நட்சத்திர செல்களில். ஓட்டைச் சுவருக்கு அந்தப் புறம் கை விரித்துப் படுத்து, நலமாக இருக்கும் காலத்தில் வைட்டமின் ஏ-யைச் சேமித்து வைக்கும் செல்கள் இவை. சைனுசாய்டைச் சுற்றிப் பிடித்திருப்பவை என்பதால் இவை சுருங்கினால் குழாயும் இறுகும். இந்தச் செல்லை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கெடுதலின் பெரும்பகுதி இங்கிருந்துதான் தொடங்குகிறது.

இனி இரண்டாவது வாக்கியம். ராமநாதபுரத்துக்காரர்களுக்கு இதை விளக்கக் கண்மாயைவிட நல்ல எடுத்துக்காட்டு தேவையில்லை. பெரிய கண்மாயில் தண்ணீர் ஏறியிருக்கிறது என்றால், வரத்துக்காலில் வைகைத் தண்ணீர் கூடுதலாக வந்திருக்கலாம். மடை அடைபட்டுப் போயிருக்கலாம். நீர்மட்டக் கல்லை மட்டும் பார்த்து எது என்று சொல்ல முடியாது. ரத்தத்தில் எண்டோதீலின் ஏறுவதும் அப்படியே. சுரப்பு கூடியிருக்கலாம், பிடிக்கும் கண்ணிகள் குறைந்திருக்கலாம், ரத்தம் ஈரலுக்குள் போகாமலே வேறு வழியில் திரும்பியிருக்கலாம். பி வகை ஏற்பியை மருந்தால் அடைத்தாலே ரத்த அளவு உயர்கிறது. புதிதாக ஒரு சொட்டும் சுரக்க வேண்டியதில்லை. நுரையீரல் தமனி அழுத்தத்துக்கான போசென்டன் மருந்தைச் சாப்பிடுகிறவருக்கு இந்த எண் உயர்ந்தால் நோய் முற்றிவிட்டது என்று அச்சப்படத் தேவையில்லை. அந்த மருந்து இரு வகை ஏற்பிகளையும் அடைப்பதன் விளைவு அது.

நுரையீரலில் இந்தக் குழப்பம் இன்னும் தெளிவாகத் தெரியும். நலமான மனிதரில் ரத்தம் ஒருமுறை நுரையீரலைக் கடக்கும்போதே எண்டோதீலினில் ஏறக்குறைய பாதி பிடிபடுகிறது. ஆனால் கிட்டத்தட்ட அதே அளவு அங்கே புதிதாகச் சேர்வதால், முன்னும் பின்னும் அளந்தால் வித்தியாசமே தெரிவதில்லை. கதிரியக்க அயோடின் ஏற்றிய மிகச் சிறு அளவைச் செலுத்தி, அதை மட்டும் தொடர்ந்து போய்த்தான் இதைக் கண்டார்கள்.

ஈரலில் கணக்குப் போடும்போது இதைவிடப் பெரிய பொறி ஒன்று இருக்கிறது. மாணவர்களும் சில சமயம் கட்டுரை எழுதுகிறவர்களும் அதில் விழுகிறார்கள். ஈரலுக்கு நிமிடத்துக்குச் சுமார் 1,500 மி.லி. ரத்தம் வருகிறது. அதில் ஏறக்குறைய முக்கால் பங்கு குடலிலிருந்தும் மண்ணீரலிலிருந்தும் வரும் போர்ட்டல் சிரை வழியாக. கால் பங்குதான் தமனி வழியாக. கணக்குக்காக எண்கள் எடுத்துக்கொள்வோம். இவை நோயாளியின் எண்கள் அல்ல. எண்டோதீலின் அளவு போர்ட்டல் சிரையில் 4, தமனியில் 2, ஈரலை விட்டு வெளியேறும் சிரையில் 2.1 என்று வைப்போம். உள்ளே வருவது 4-இல் முக்கால், 2-இல் கால், கூட்டினால் 3.5. வெளியே போவது 2.1. பிடிபட்டது 1.4, அதாவது 40 விழுக்காடு. ரத்தத்தில் பிளாஸ்மா, அதாவது செல்கள் நீங்கலான நீர்ப்பகுதி, 55 விழுக்காடு என்றால் நிமிடத்துக்கு 825 மி.லி.; அதில் 40 விழுக்காடு 330 மி.லி. இவ்வளவு பிளாஸ்மாவை ஈரல் ஒவ்வொரு நிமிடமும் துப்புரவாக்குகிறது என்பதே விடை. போர்ட்டல் சிரையில் ரத்தம் எடுப்பது கடினம் என்று தமனி அளவை மட்டும் வைத்துக் கணக்குப் போட்டால்? 2 போய் 2.1 வருகிறது, ஈரல் எண்டோதீலினைப் பிடிக்கவே இல்லை, சுரந்து தள்ளுகிறது என்று தலைகீழான முடிவு கிடைக்கும்.

ஆய்வகத்தில் எலியின் ஈரலைத் தனியே எடுத்து, போர்ட்டல் சிரையில் குழாய் செருகி, 37 டிகிரியில் ஆக்சிஜன் ஏற்றிய உப்புக் கரைசலை ஓடவிட்டு இதைப் பார்ப்பார்கள். அதில் கெட்டுப்போகும் இடங்கள் மூன்று நான்கு உண்டு. எண்டோதீலின் பிளாஸ்டிக் குழாயிலும் கண்ணாடியிலும் ஒட்டிக்கொள்ளும். கரைசலில் கொஞ்சம் அல்புமின் கலக்காவிட்டால், குழாய் விழுங்கியதை ஈரல் பிடித்ததாக எழுதிவிடுவோம். எண்டோதீலின் அளவு சற்றுக் கூடினால் அதுவே சைனுசாய்டுகளை இறுக்கி ஓட்டத்தைக் குறைத்துவிடும். அப்புறம் அளப்பது நலமான ஈரலை அல்ல. ஆகவே சுவடு அளவு மட்டுமே செலுத்த வேண்டும். ஈரல் பிடிக்காத, அடையாளமிட்ட அல்புமினையும் கூடவே விட்டு, இரண்டும் வெளியே வரும் நேரத்தையும் அளவையும் ஒப்பிட்டால்தான் பிடிபட்டது எவ்வளவு, வெறுமே சுற்றிவிட்டு வந்தது எவ்வளவு என்று பிரியும். பிறகு அமிலக் கரைசலால் கழுவினால் மேற்பரப்பில் ஒட்டியது மட்டும் கழன்று வரும். கழலாதது செல்லுக்குள் போய்விட்டது. இதே சோதனையைத் தனிச் செல்களில் 4 டிகிரிக் குளிரில் செய்தால் ஒட்டும், உள்ளே போகாது. ஒட்டுவதும் விழுங்குவதும் இரண்டு தனி வேலைகள் என்பதற்கு அதுவே சான்று.

நோயாளியின் ரத்தத்தில் அளப்பதும் எளிதல்ல. ரத்தம் உறையாமல் தடுக்கும் ஈடிடிஏ குழாயில் எடுத்து, உடனே பனிக்கட்டியில் வைத்து, குளிர்ந்த சுழற்றியில் பிளாஸ்மாவைப் பிரித்து, மைனஸ் 70 டிகிரிக்குக் கீழே உறையவைக்க வேண்டும். வெயில் காலத்தில் தொண்டியிலிருந்தோ கீழக்கரையிலிருந்தோ பேருந்தில் கொடுத்தனுப்பும் ரத்தக் குழாயில் வரும் எண்ணுக்கு மதிப்பில்லை. சில சோதனைப் பெட்டிகள் பெரிய எண்டோதீலினையும் சேர்த்தே எண்ணிவிடும். சுரப்பு எவ்வளவு என்று மட்டும் தெரிய வேண்டுமானால், முன்னோடிப் புரதத்திலிருந்து உடன்வெட்டாக விழும் வால் துண்டை அளக்கிறார்கள். அது பி வகைக் கண்ணியில் மாட்டாது, ரத்தத்தில் நெடுநேரம் நிலைக்கும். வரத்துக்காலைத் தனியே அளப்பது போல. எப்படியிருந்தாலும் இவை ஆய்வுக்கான சோதனைகள். ஈரல் நோயைக் கண்டுபிடிக்க எவரும் காசு கொடுத்து எண்டோதீலின் பார்க்க வேண்டியதில்லை.

ஈரல் இறுகிப்போன நிலையில், அதாவது சிரோசிஸில், என்ன நடக்கிறது என்பது உங்கள் வாசகர்களுக்கு நேரடியாகத் தேவைப்படுவது. குடியாலோ, மஞ்சள் காமாலை வைரஸ்களான பி, சி-யாலோ, சர்க்கரையும் உடல் பருமனும் சேர்ந்த கொழுப்பு ஈரலாலோ செல்கள் தொடர்ந்து அடிபடும்போது நட்சத்திர செல்கள் வைட்டமின் ஏ-யை இழந்து, நார் நெய்யும் செல்களாக, தசைபோலச் சுருங்கும் செல்களாக மாறுகின்றன. சுவர் ஓட்டைகள் மூடிக்கொள்கின்றன. இல்லாத அடித்தளச் சவ்வு உருவாகிறது. ரத்தத்துக்கும் ஹெப்பட்டோசைட்டுக்கும் நடுவே ஒரு திரை விழுந்த மாதிரி. உட்சுவர் செல்கள் தரும் நைட்ரிக் ஆக்சைடு குறைகிறது, ஈரலுக்குள்ளேயே எண்டோதீலின் சுரப்பு கூடுகிறது. பிடித்துச் செரிக்க வேண்டிய இடத்தில் அந்தப் பெப்டைடு இப்போது நட்சத்திர செல்லை இறுக்குகிறது. இறுகியதால் ஓட்டம் குறைகிறது, போர்ட்டல் சிரையில் அழுத்தம் ஏறுகிறது. கண்மாய்க்குள் போக இடமில்லாத தண்ணீர் கலுங்கு தாண்டுவது போல, ரத்தம் உணவுக்குழாய், வயிறு ஆகியவற்றின் சிரைகள் வழியாக ஈரலைச் சுற்றிக்கொண்டு போகிறது. அப்படிப் போன ரத்தத்தில் இருக்கும் எண்டோதீலினும் குடல் பாக்டீரியாவின் நஞ்சும் ஈரலின் வலையைப் பார்ப்பதே இல்லை. அந்த நஞ்சோ எண்டோதீலின் சுரப்பை மேலும் தூண்டுகிறது.

போர்ட்டல் சிரைக்கும் ஈரலை விட்டு வெளியேறும் சிரைக்கும் இடையே உள்ள அழுத்த வேறுபாட்டைக் கழுத்துச் சிரை வழியாக பலூன் குழாய் செலுத்தி அளக்கலாம். இயல்பு 1 முதல் 5 வரை, மில்லிமீட்டர் பாதரசக் கணக்கில். 10-ஐத் தொட்டால் சிக்கல்கள் தலைகாட்டும். 12-க்கு மேல் உணவுக்குழாய்ச் சிரை வெடிக்கும் அபாயம் உண்டு. புரோப்ரனலால், கார்வெடிலால் மாத்திரைகள் தருவது இந்த எண்ணைக் குறைக்கத்தான். ரத்தக் கொதிப்பு இல்லையே என்று அவற்றை நிறுத்திவிடக் கூடாது.

எண்டோதீலினை அடைத்துவிட்டால் ஈரல் நோய் தீராதா என்று கேட்கத் தோன்றும். நியாயமான கேள்விதான். நுரையீரல் தமனி அழுத்தத்துக்கு 2001-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற போசென்டன், பித்த உப்பை வெளியேற்றும் பம்பைத் தடுப்பதால் ஈரலையே புண்படுத்தக் கூடும். அதைச் சாப்பிடுகிறவர் மாதம் ஒருமுறை ஈரல் நொதிகளைப் பார்த்தே ஆக வேண்டும். இயல்பின் உச்சத்தைப்போல 8 மடங்கைத் தாண்டினால் நிரந்தரமாக நிறுத்திவிட வேண்டும். சர்க்கரைக்கான கிளிபென்கிளமைடு மாத்திரையோடு இதைச் சேர்க்கவே கூடாது. கருவுற்றவர்கள் தொடக்கூடாது, கருத்தடை மாத்திரையை மட்டும் நம்பவும் கூடாது. அதே இனத்தைச் சேர்ந்த சிடாக்ஸென்டன், உயிரைப் பறித்த ஈரல் பாதிப்புகளால் 2010-இல் சந்தையிலிருந்து திரும்பப் பெறப்பட்டது. எனவே இந்த மருந்துகளை ஈரல் மருந்து என்று எவராவது சொன்னால் நம்பாதீர்கள்.

வீட்டில் செய்யக் கூடியவை வேறு. வயிற்றில் நீர் கோத்தவருக்கு நாளுக்கு மொத்தமே 5 கிராம் உப்பு, ஒரு தேக்கரண்டி அளவு. நம் பக்கத்தில் இதில் தோற்பது கருவாட்டிலும் ஊறுகாயிலும் அப்பளத்திலும். "கழுவி ஊறவைத்த கருவாடு பரவாயில்லை" என்பது சரியல்ல; சதைக்குள் ஏறிய உப்பு கழுவலில் முழுவதும் போகாது. உப்பிடாத புது மீன் நல்லது, நன்றாக வேகவைத்துத் தாராளமாகச் சாப்பிடலாம். புரதத்தைக் குறைக்கச் சொல்லும் பழைய பத்தியம் தசையைத்தான் உருக்கும். இந்துப்பு மாற்று அல்ல, அதுவும் சோடியம் குளோரைடுதான். 'சோடியம் குறைத்த உப்பு' என்று விற்பதில் பொட்டாசியம் இருக்கிறது. நீர் பிரியத் தரும் ஸ்பைரனோலாக்டோனோடு அது சேர்ந்தால் இதயத் துடிப்பே தடுமாறும். இளநீரையும் அந்த மாத்திரையின்போது மருத்துவரைக் கேட்டே குடிக்க வேண்டும்.

எங்களை அதிகம் கவலைப்படுத்துவது வலி மாத்திரை. வலை இழுத்த உடம்பு வலிக்குக் கடையில் கேட்டு வாங்கும் டைக்ளோஃபெனக், இபுபுரூஃபன் இரண்டும் சிரோசிஸ் நோயாளியின் சிறுநீரகத்தைச் சில நாட்களிலேயே முடக்கக் கூடும். காரணம் இந்தக் கடிதத்தின் பொருளோடு ஒட்டியது. ஈரலில் பிடிபடாமல் தங்கிய எண்டோதீலினும் மற்ற சுருக்கிகளும் சிறுநீரகக் குழாய்களை இறுக்கிக்கொண்டிருக்கும். அதை எதிர்த்து அவற்றைத் திறந்து வைத்திருப்பது புரோஸ்டகிளாண்டின். இந்த மாத்திரைகள் அந்தப் புரோஸ்டகிளாண்டினைத்தான் நிறுத்துகின்றன. வலிக்கு மருத்துவர் சொல்லி பாராசிட்டமால், அதுவும் நாளுக்கு 2 கிராமுக்கு மேற்படாமல், குடிக்காமல் இருந்தால் மட்டும்.

கடலோரத்துக்கென்று இன்னொன்றும் உண்டு. வெதுவெதுப்பான கடல்நீரிலும் உப்பங்கழியிலும் வாழும் விப்ரியோ வல்னிஃபிகஸ் என்ற பாக்டீரியா, நலமானவரைப் பெரும்பாலும் விட்டுவிடும். ஈரல் கெட்டவரை ஓரிரு நாளில் கொல்லவும் செய்யும். சிப்பி, மட்டி எதையும் அரைவேக்காட்டில் சாப்பிடக் கூடாது. காலில் வெட்டோ முள் குத்திய புண்ணோ இருக்கும்போது பாசி எடுக்கவோ வலை தட்டவோ நீரில் இறங்கக் கூடாது. இறங்கிய பின் புண் சிவந்து கொப்புளம் கட்டினால் மறுநாள்வரை காத்திருக்க வேண்டாம்.

ரத்த வாந்தியோ, தார்போலக் கறுத்த மலமோ வந்தால் அது உணவுக்குழாய்ச் சிரை வெடித்ததாக இருக்கலாம். 108-ஐ அழைக்க வேண்டும். போகும்வரை வாய்வழி எதுவும் தரக் கூடாது. மருத்துவமனையில் தரப்படும் டெர்லிபிரெசினும் ரத்தக் குழாயைச் சுருக்கும் பெப்டைடுதான் என்பதைக் கேட்டால் வியப்பாக இருக்கும். அது குடலுக்குப் போகும் தமனிகளைச் சுருக்கி வரத்தைக் குறைக்கிறது, அதனால் போர்ட்டல் அழுத்தம் தணிகிறது. எண்டோதீலின் இறுக்குவது ஈரலின் உள்வாசலை, இது இறுக்குவது வரத்துக்காலின் தலைப்பை. சுருக்கும் பொருள் எல்லாம் கெட்டது என்று பொதுவாக எழுதிவிட முடியாததற்கு இதுவும் ஒரு காரணம்.

ஆகவே அந்தக் கட்டுரையின் முதல் வாக்கியத்தில் "வடிகட்டுகிறது" என்பதை "ஏற்பிகளால் பிடித்துச் செரிக்கிறது" என்று மாற்றியும், இரண்டாவது வாக்கியத்தில் "சுரப்பு கூடியிருக்கலாம், அல்லது அகற்றும் உறுப்புகள் பழுதாகியிருக்கலாம்" என்று சேர்த்தும் திருத்தம் வெளியிட வேண்டுகிறோம். இடம் போதாவிட்டால், உப்பு, வலி மாத்திரை, ரத்த வாந்தி பற்றிய மூன்று பத்திகளையாவது முழுமையாகப் போடுங்கள்.

இப்படிக்கு,
உடலியங்கியல் கற்பிப்போர் சிலர்,
ராமநாதபுரம்